துணியில் ஏற்றிய வாசம் தோட்டத்து மண்ணில் என்ன ஆகிறது? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தலைவர், உறுப்பினர்கள், கோவை, திருப்பூர், ஈரோடு மாவட்டங்களில் பணியாற்றும் பொறியாளர்கள் எல்லோருக்கும் வணக்கமுங்க.

ஊத்துக்குளிப் பக்கம் கொஞ்சம் தென்னையும் மஞ்சளும் வைத்துப் பண்ணையம் பார்க்கிறவன் நான். அதற்கு முன் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தேன். உங்களிடம் கேட்பது இதுதான்: நகரத்துச் சாக்கடையைச் சுத்திகரித்த பின் மிஞ்சுகிற கசடு உரமென்று தோட்டத்துக்குள் வருவதற்கு முன்னால், அதோடு சேர்ந்து வரும் வாசனை வேதிப்பொருள்கள் மண்புழுவின் உடம்பில் எவ்வளவு சேர்கின்றன என்று நம் மண்ணிலேயே, நம் புழுவிலேயே அளந்து பாருங்கள். மீனில் செய்த சோதனை முடிவைக் காட்டி இந்தக் கேள்வியை மூடி வைத்துவிடாதீர்கள்.

சாயக்கழிவைப் பார்த்த ஊரில் போய் வாசத்தை மாசு என்றால் சிரிப்பார்கள் என்று தெரியும். நொய்யலில் சிவப்பும் நீலமுமாகத் தண்ணீர் ஓடியதைக் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். பாசனத்துக்கென்று 1992-ல் கட்டி முடித்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணீர் தேங்கும் குட்டையாகிப் போனதும், 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதும் நீங்கள் அறியாததல்ல. அந்தக் காலமெல்லாம் எங்கள் பேச்சு முழுக்க டி.டி.எஸ்., அதாவது தண்ணீரில் கரைந்த உப்பின் மொத்த அளவு, பற்றித்தான். உப்பை அளக்கப் பேனா மாதிரி ஒரு மீட்டர் கடையில் கிடைத்தது. விவசாயிகளே வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கிணறு கிணறாக அளந்தார்கள். அதனால் உப்புக்கு ஒரு வழக்கும் ஒரு தீர்ப்பும் கிடைத்தன. வாசனைப் பொருளுக்கு அப்படி ஒரு மீட்டர் கிடையாது. கலவையைப் பிரித்து ஒவ்வொரு வேதிப்பொருளையும் அடையாளம் காட்டும் ஜி.சி.எம்.எஸ். கருவி இருக்கிற ஆய்வகத்துக்குத்தான் போக வேண்டும். எவரும் போகவில்லை, ஆகவே கணக்கிலும் வரவில்லை.

எந்தப் பொருளைச் சொல்கிறேன் என்று விளக்கிவிடுகிறேன். துணி அலசியபின் ஊற்றுகிற சாஃப்ட்னர், துவைக்கிற பவுடர், ஷாம்பு, தரை துடைக்கும் திரவம் ஆகியவற்றில் கடைசி வரை நிற்கிற அந்த மென்மையான வாசம் பெரும்பாலும் செயற்கைக் கஸ்தூரி. 1888-ல் ஆல்பர்ட் பவுர் என்கிற ஜெர்மானியர் வெடிமருந்து வகைப் பொருள்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது தற்செயலாகக் கிடைத்தது முதல் செயற்கைக் கஸ்தூரி. (கஸ்தூரி மான் பிழைத்ததற்கு வெடிமருந்துக்கும் ஒரு நன்றி சொல்ல வேண்டும்போல.) அந்த நைட்ரோ கஸ்தூரிக் குடும்பத்தில் மஸ்க் சைலீன் என்பது தண்ணீரிலும் மண்ணிலும் சிதையாமல் நின்று உடம்பில் மிக அதிகமாகச் சேர்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் முடிவுகட்டி, தனி அனுமதி இல்லாமல் 2014 ஆகஸ்டுக்குப் பிறகு அங்கே பயன்படுத்தக் கூடாது என்று நிறுத்தியது. அதன் இடத்தைப் பெரும்பாலும் பிடித்தது 1950, 60-களில் வந்த பல்வளையக் கஸ்தூரிகள். அவற்றில் அதிகம் புழங்குவது காலக்சோலைடு. நம்மூர் பாட்டில்களில் இந்தப் பெயரைத் தேடினால் கிடைக்காது; ‘பெர்ஃப்யூம்’ என்று ஒரே சொல்லில் முடித்திருப்பார்கள்.

இந்தப் பொருள் தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது, கொழுப்பில் கரையும். எங்கள் ஊர் வெண்ணெய்க்குப் பேர்போனது, அதனால் இப்படிச் சொன்னால் விளங்கும்: மோரும் வெண்ணெயும் பிரிகிற பானையில் இந்த வாசனைப் பொருளைப் போட்டுக் கடைந்தால், மோர்ப் பக்கம் ஒரு பங்கு நிற்கும்போது வெண்ணெய்ப் பக்கம் சில லட்சம் பங்கு போய் ஒட்டிக்கொள்ளும். ஆய்வகத்தில் வெண்ணெய்க்குப் பதில் ஆக்டனால் என்கிற ஆல்கஹாலை வைத்து இதை அளக்கிறார்கள். சாக்கடைத் தண்ணீரோடு சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்ததும் இது தண்ணீரை விட்டுவிட்டுக் கசடில் போய் ஒட்டிக்கொள்வதற்கும் இதுதான் காரணம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் உலர்ந்த கசடு ஒரு கிலோவில் சில மில்லிகிராமிலிருந்து சில பத்து மில்லிகிராம் வரை பார்த்திருக்கிறார்கள். ஆக, தண்ணீர் சுத்தமாக வெளியே போகிறது என்றால் அந்தப் பொருள் அழிந்துவிட்டது என்று பொருள் இல்லை. லாரி ஏறித் தோட்டத்துக்கு வரக் காத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இப்போது உரத்துக்கு என்ன சோதனை இருக்கிறது? 1985-ன் உரக் கட்டுப்பாட்டு ஆணையில் நகரக் கழிவு உரத்துக்கு விதித்திருக்கும் நச்சு வரம்புகளைப் பாருங்கள்: ஆர்செனிக், காட்மியம், குரோமியம், செம்பு, பாதரசம், நிக்கல், காரீயம், துத்தநாகம். எல்லாம் உலோகம். கரிம வேதிப்பொருள் ஒன்றுகூட இல்லை. அந்தப் பட்டியலில் தேறிய உரம் என்றால் எங்கள் ஆட்கள் நம்பி வாங்குவார்கள். வாங்குகிறவர்களைக் குறை சொல்ல முடியாதுங்க. தொழு உரம் கிடைக்கிற விலைக்கு, மாடு குறைந்துபோன காலத்தில், ஒரு டிப்பர் கசடு இனாமாகவோ டீசல் காசுக்கோ வந்தால் யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இனி மீன் விஷயம். ஒரு வேதிப்பொருள் உயிரினத்தில் சேருமா என்று பார்க்க உலகெங்கும் முதலில் செய்வது மீன் சோதனை. தண்ணீரில் இருப்பதைப்போல் மீனின் உடம்பில் எத்தனை மடங்கு இருக்கிறது என்று கணக்கிடுவார்கள். ஐரோப்பியச் சட்டப்படி 2,000 மடங்கைத் தாண்டினால் ‘சேரக்கூடியது’, 5,000-ஐத் தாண்டினால் ‘மிக அதிகம் சேரக்கூடியது’. காலக்சோலைடுக்குப் புளூகில் மீனில் கிடைத்தது 1,600-ஐ ஒட்டிய ஓர் எண். கோட்டுக்குக் கீழே. கொழுப்பில் ஒட்டும் தன்மையை மட்டும் வைத்துக் கணித்தால் இதைவிட அதிகம் வந்திருக்க வேண்டும். மீனின் ஈரல் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக லாக்டோன் என்கிற வேறு பொருளாக மாற்றி வெளியேற்றுவதால் குறைந்திருக்கிறது. மீனைப் பொறுத்தவரை இது நல்ல செய்தி, மறுக்கவில்லை.

ஆனால் மீனுக்குச் செவுள் இருக்கிறது. உடம்பில் ஏறியதில் ஒரு பகுதியை ஓயாமல் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துக்கொண்டிருக்கும். தரையில் வாழும் பிராணிக்கு அந்த வழி கிடையாது. நுரையீரல் வழியாகக் காற்றில்தான் விட வேண்டும். ஒரு பொருள் கொழுப்பை விட்டுக் காற்றுக்குப் போக விரும்பாததாக இருந்தால் அந்த வாசலும் அடைபட்டுவிடும். இதை அளக்க ஆக்டனால்–காற்று விகிதம் என்று ஒன்று உண்டு. கனடா ஆய்வாளர்கள் 2007-ல் காட்டியது இது: இந்த விகிதத்தின் மடக்கை (பத்தின் எத்தனையாவது அடுக்கு என்பது) 6-ஐத் தாண்டி, ஆக்டனால்–நீர் விகிதத்தின் மடக்கை 2-ஐத் தாண்டினால், உடம்பு சிதைக்காத பட்சத்தில், மீன்களில் பெருகாத பொருள்கூடக் காற்றைச் சுவாசிக்கும் பிராணிகளின் உணவுச் சங்கிலியில் படிக்குப் படி பெருகும். காலக்சோலைடுக்கு முதல் எண் 7-க்கும் மேல், இரண்டாவது 5-க்கும் மேல். இரண்டு வாசலும் அடைபட்ட வகை. மிச்சமிருக்கிற ஒரே கேள்வி, தரைப் பிராணியின் உடம்பு அதை எவ்வளவு வேகமாகச் சிதைக்கிறது என்பதுதான். அதற்குப் பதிலை மீனிடமிருந்து கடன் வாங்க முடியாது.

அந்தக் கனடா ஆய்வில் வந்த ஒரு பொருள் நம் எல்லோருக்கும் பழக்கமானது. பி.எச்.சி. என்கிற பூச்சிக்கொல்லிப் பவுடர். நெல்லுக்கும் மஞ்சளுக்கும் வெறுங்கையால் தூவிய தலைமுறை இன்னும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறது. அதில் இருக்கும் பீட்டா வகை, மீன் சங்கிலியில் பெரிதாகப் பெருகவில்லை; பாறையில் பாசிபோல் படரும் லைக்கனைத் தின்னும் துருவ மானிலிருந்து அதைத் தின்னும் ஓநாய்க்குப் போனபோது நன்றாகப் பெருகியது. இங்கே ஓநாய் வேண்டாம், மாடு போதும். 1990-களில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் பல மாநிலங்களின் பாலை எடுத்துப் பார்த்தபோது இந்த எச்சம் பரவலாகக் கிடைத்தது. 1997 ஏப்ரலில்தான் பி.எச்.சி. நம் நாட்டில் தடையானது. வாசனைப் பொருளும் பி.எச்.சி.யும் ஒரே அளவு கேடு என்று நான் சொல்லவில்லை; நஞ்சுத்தன்மையில் இரண்டுக்கும் எவ்வளவோ தூரம். எந்தச் சோதனையை வைத்து எதைத் தீர்மானிப்பது என்பதில்தான் பாடம்.

தரைக்கென்று ஒரு சோதனை இல்லாமலில்லை. வளர்ந்த நாடுகளின் கூட்டமைப்பான ஓ.இ.சி.டி. 2010-ல் வெளியிட்ட 317-ஆம் எண் வழிகாட்டி மண்புழுவில் சேர்மானத்தை அளப்பதற்கானது. பொருளைக் கலந்த மண்ணில் புழுக்களை 21 நாள் விட்டு, இடையிடையே எடுத்து அளப்பார்கள். பிறகு சுத்தமான மண்ணுக்கு மாற்றி இன்னொரு 21 நாள், எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்ப்பார்கள். அளப்பதற்கு முன் புழுவை ஈரமான வடிதாளில் ஓர் இரவும் பகலும் வைத்துக் குடலைக் காலி செய்ய விடுவார்கள், வயிற்றிலிருக்கும் மண் கணக்கைக் கெடுக்கக் கூடாது என்று. புழுவின் உடம்பில் உண்மையாக ஏறியதைத் தெரிந்துகொள்ள இது சரி. ஆனால் ரொட்டவேட்டர் பின்னாலேயே நடந்து வருகிற உண்ணிக்கொக்கு புழுவை வடிதாளில் வைத்துத் தின்பதில்லை. மண்ணோடுதான் விழுங்கும். அதனால் இரண்டு விதமாகவும் அளக்கச் சொல்லுங்கள்: குடல் காலியானது ஒன்று, காலியாகாதது ஒன்று.

இந்த வழிகாட்டியை அப்படியே இங்கே இறக்கினால் சரிப்படாது என்பதற்கு மண்ணே முதல் காரணம். சோதனைக்கென்று கலக்கும் செயற்கை மண்ணின் வழக்கமான பக்குவம் பத்து சதவீதம் ஸ்பாக்னம் பாசிக்கரி, இருபது சதவீதம் கயோலின் களிமண், மீதி மணல். குளிர்நாட்டுச் சதுப்பிலிருந்து வருகிற அந்தப் பாசிக்கரியில் கரிமம் அள்ளிக் கொட்டிக் கிடக்கும். நம் செம்மண்ணில் கரிமச் சத்து அரை சதவீதம் தேறினால் பெரிய விஷயம். காலக்சோலைடு மாதிரியான பொருளை மண்ணில் பிடித்து வைப்பதே கரிமம்தான். கரிமம் குறைந்த மண்ணில் பிடிமானம் குறையும், மண்ணின் ஈரத்தில் கூடுதலாக நிற்கும், புழுவின் தோல் வழியாகக் கூடுதலாக ஏறும். பாசிக்கரி மண்ணில் பாதுகாப்பு என்று வந்த ஓர் எண், காங்கேயத்துக் காட்டுமண்ணில் அதே எண்ணாக இருக்காது. பிரேசிலில் பாசிக்கரிக்குப் பதிலாகத் தென்னை நார்த்தூளைப் போட்டு வெப்பமண்டலச் செயற்கை மண் தயாரித்து இப்படிப்பட்ட சோதனைகளைச் செய்திருக்கிறார்கள். பொள்ளாச்சியை வைத்துக்கொண்டு நாம் பாசிக்கரியை இறக்குமதி செய்தால் அது வெட்கக்கேடு.

அடுத்தது புழு. வழிகாட்டி பரிந்துரைக்கும் ஐசீனியா, குப்பையில் வாழும் சிவப்புப் புழு. மண்புழு உரத் தொட்டியில் எல்லோரும் வளர்ப்பதுதான், ஆனால் உழுத காட்டில் அதைப் பார்க்க மாட்டீர்கள். நம் வயலிலும் தோப்பிலும் மண்ணைத் தின்று குருணை குருணையாக எச்சம் தள்ளுகிறது லாம்பிட்டோ மௌரிட்டி. தென்னிந்தியாவின் சொந்தப் புழு அது, தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் பல காலமாக ஆராய்ந்தும் இருக்கிறார்கள். மண்ணையே தின்கிற புழுவும் குப்பையைத் தின்கிற புழுவும் ஒரே பொருளை ஒரே அளவு வாங்கிக்கொள்ளும் என்று நான் எதை வைத்து நம்புவது? வெயிலும் வேறு. வழிகாட்டியின் வெப்பநிலை 20 டிகிரி. மார்கழி விடியலில் வேண்டுமானால் எங்களுக்கு அது கிடைக்கும். சூட்டில் பொருள் சீக்கிரம் ஆவியாகலாம், கிருமிகள் சீக்கிரம் தின்று தீர்க்கலாம். புழுவும் வேகமாக உண்டு வேகமாகச் சேர்க்கலாம். எந்தப் பக்கம் தராசு சாயும் என்பதை நாற்காலியில் உட்கார்ந்து சொல்ல முடியாது.

முடிவு வந்த பிறகு அதைப் படிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது, அதை இப்போதே சொல்லிவைக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு, மண்ணில் கிலோவுக்கு ஒரு மில்லிகிராமும் புழுவில் மூன்று மில்லிகிராமும் கிடைத்தால் விகிதம் 3. “மீனுக்கே 2,000 வரை விடுகிறோம், இது வெறும் 3” என்று யாராவது ஒரு கூட்டத்தில் பேசுவார். அந்த 2,000 தண்ணீரோடு ஒப்பிட்டது. இந்த 3 மண்ணோடு ஒப்பிட்டது. மண்ணிலிருக்கும் பொருளில் பெரும்பங்கு கரிமத்தில் கட்டுண்டு கிடக்கிறது, ஈரத்தில் கரைந்திருப்பது மிகச் சொற்பம். அந்தச் சொற்பத்தோடு ஒப்பிட்டால் இதே புழுவின் எண் ஆயிரக்கணக்கில் ஏறிவிடலாம். ஆகவே புழுவின் கொழுப்பு அளவையும் மண்ணின் கரிம அளவையும் சேர்த்தே பதிவுசெய்யச் சொல்லுங்கள். அவை இல்லாத அறிக்கையை வாங்காதீர்கள்.

தரைச் சங்கிலிக்கு உண்மையில் தேவையான எண் வேறு. தின்றதின் கொழுப்பில் இருப்பதைவிடத் தின்னியின் கொழுப்பில் அதிகம் இருக்கிறதா? ஒன்றைத் தாண்டினால் படிக்குப் படி ஏறுகிறது என்று பொருள். இதற்காகக் கொக்கையும் மயிலையும் கொல்ல வேண்டியதில்லை. கசடு போட்ட தோட்டத்தில் மேய்கிற நாட்டுக்கோழி தினமும் புழுவைத் தின்கிறது, முட்டையும் இடுகிறது. மஞ்சள்கருவில் கொழுப்பு வேண்டிய மட்டும் இருக்கிறது. கசடு போடாத தோட்டத்து முட்டையோடு ஒப்பிட்டால் முதல் விடை கிடைத்துவிடும். பறவை உடலில் எச்சம் பார்ப்பதில் பழகிய கை வேண்டுமென்றால் ஆனைகட்டியில் சாலிம் அலி பறவையியல் மையம் இருக்கிறது. பறவைகளில் பூச்சிக்கொல்லி எச்சத்தைப் பல காலமாக ஆராய்ந்த இடம்.

புழுவில் இது ஏறும் என்பது வெறும் ஊகமும் இல்லை. 2008-ல் அமெரிக்க நிலவியல் அளவைத் துறையைச் சேர்ந்தவர்கள் வெளியிட்ட ஆய்வில், கசடு போட்ட வயலின் மண்புழுக்களில் காலக்சோலைடும் அதே பல்வளையக் குடும்பத்து டோனலைடும் இருந்தன. தாய்ப்பாலிலும் மனிதக் கொழுப்பிலும் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். இருப்பது வேறு, கெடுதல் செய்வது வேறு என்று நீங்கள் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். எவ்வளவு இருக்கிறது என்றே தெரியாமல் கெடுதல் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

ஆய்வகத்தாருக்கு ஒரு வார்த்தை. இந்தப் பொருளை அளப்பதில் பெரிய தொல்லை, அளப்பவர் உடம்பிலேயே அது இருப்பது. கை கழுவும் சோப்பு, துவைத்த கோட்டு, தலைக்குப் போட்ட ஷாம்பு எல்லாவற்றிலிருந்தும் மாதிரியில் ஏறிவிடும். ஒன்றும் கலக்காத வெற்று மாதிரியை ஒவ்வொரு தொகுதியோடும் ஓட்டி, அதன் எண்ணையும் வெளியிட வேண்டும். வெற்று மாதிரி எண் இல்லாத வாசனை அறிக்கைக்கு மதிப்பே கிடையாது. கதிரியக்கக் குறியிட்ட பொருளை வைத்துச் செய்தால் இன்னொன்று: மொத்தக் கதிரியக்கத்தை எண்ணினால் சிதைந்துபோன துண்டுகளும் சேர்ந்து வரும், மூலப்பொருளைத் தனியே பிரித்துக் காட்ட வேண்டும்.

செலவை யார் தருவது என்று கேட்பீர்கள். வேலூர்த் தோல் தொழிற்சாலை வழக்கில் 1996-லேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: மாசு செய்தவரே ஈடு தர வேண்டும், ஐயம் இருக்கும்போது முன்னெச்சரிக்கைதான் சட்டம். நம் மாநிலத்து வழக்கு அது. வாசனைப் பொருளை டன் கணக்கில் விற்கிறவர்கள் ஐரோப்பாவில் பதிவு செய்வதற்காகச் சேர்மானம், சிதைவு பற்றிய தாள்களை அங்கே கொடுத்திருக்கிறார்கள். அதே தாள்களை இங்கேயும் மேசையில் வைக்கச் சொல்ல ஒரு கடிதம் போதும். செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் வண்டலுக்கும் தனித்தனியாகச் சோதனை நடத்தக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் பக்கத்திலேயே இருக்கிறது. ஊத்துக்குளி, பல்லடம், காலிங்கராயன் வாய்க்கால் கரை என்று மூன்று இடத்தில் மண் எடுத்தால் மூன்றும் கிடைத்துவிடும்.

சோதனையில் நம் புழு இதைச் சீக்கிரம் சிதைத்துவிடுகிறது, முட்டையில் ஏறவில்லை என்று வந்தால் முதல் ஆளாக நானே கசடு வாங்கிப் போடுகிறேன். சத்துள்ள பொருள் அது, வீணாகக் கூடாது. அதுவரை, கசடு போகிற ஒவ்வொரு தோட்டத்தின் சர்வே எண்ணையும் அளவையும் ஒரு பதிவேட்டில் எழுதி வையுங்கள். பத்து வருஷம் கழித்து எங்கே போட்டார்கள் என்று தேடி அலைகிற நிலை வேண்டாம்.

என் தோட்டத்தில் கசடு படாத ஒரு பாத்தியை ஒப்பீட்டுக்குத் தருகிறேன். ஆள் அனுப்புவதாக இருந்தால் ஐப்பசி மழை பிடித்த பிறகு அனுப்புங்கள். சித்திரையில் வந்து தோண்டினால் புழு ஆழத்துக்குப் போயிருக்கும். “இந்த மண்ணில் புழுவே இல்லை” என்று எழுதிக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்படிக்கு,
ஊத்துக்குளி வட்டாரத்து விவசாயி ஒருவன்